ஐந்து கட்டை

பெருநகர்,
4.10.1998

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஐம்பதைத் தொடப் போகிற வயதில் ஆர்மோனியம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? போன வாரம் உங்கள் வீட்டம்மா ஜெயம்மாள் அக்கா என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் தெரிந்துவிடும் என்றும் தோன்றவில்லை.

நான்கு வருடமாக உங்கள் வீட்டு முன்னறையில் குடியிருக்கிறேன். இதுவரை நாம் பேசியது தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும்தான். அதனால் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் எதற்கு எழுதுகிறாள் என்று நீங்கள் யோசிக்கலாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கிணற்றடியில் விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, மகன் மோகன் வீட்டுக்கு அம்பத்தூர் போன பிறகு, பஜனை கோயில் ஆர்மோனியப் பெட்டி உங்கள் பீரோ மேலேயே இருந்தது. எலி நுழைந்திருக்கிறதா என்று பார்க்க ஜெயம்மாள் அக்கா கீழே இறக்கினார்கள். மூடியைத் திறந்தது நான். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எனக்குப் பக்தி கிடையாது. பாட்டும் பயின்றதில்லை. எம்.எஸ்ஸி. படித்தபோது விடுதியில் பக்கத்து அறைப் பெண் வீணையை எடுத்தால் சன்னலைச் சாத்திக்கொண்டவள் நான். ஆனால் பெட்டிக்குள் இருந்த உங்கள் நோட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியின் வெள்ளைக் கட்டைகளுக்கு இடமிருந்து ஒன்று முதல் இருபத்திரண்டு வரை சிவப்பு மையில் எண் போட்டிருக்கிறீர்கள். பதினான்கு பாட்டுகளையும் அந்த எண்களாகவே எழுதி வைத்திருக்கிறீர்கள். எண்கள் எனக்குப் படிக்கத் தெரியும். இரண்டு வாரத்தில் முதல் பாட்டு வந்துவிட்டது.

வந்தபிறகுதான் சிக்கல். உங்கள் பாட்டுகள் எல்லாம் ஆண் குரலுக்கு ஏற்ற, ஒரு கட்டை என்கிற தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன. பெண்கள் அதில் பாடினால் கீழே உறுமல், மேலே கீச்சு. மார்கழிக் காலையில் நீங்கள் தெருவில் பாடி வரும்போது பெண்கள் ‘கோவிந்தா’ மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வது ஏன் என்று இப்போது புரிகிறது. வழக்கம் என்று நினைத்திருந்தேன். பாதி வழக்கம், பாதி சுருதி.

பெண்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். உங்கள் ஒரு கட்டை எட்டாம் எண்ணில் தொடங்குகிறது; அதே பாட்டைப் பன்னிரண்டாம் எண்ணில் தொடங்கினால் ஐந்து கட்டை. ஆகவே எல்லா எண்களோடும் நான்கைக் கூட்டினேன். எளிய கணக்கு. ஆனால் பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வெறும் தூக்கோடு வந்து நின்ற சிட்டம்மாள், “டீச்சர், அந்த மேல ஏர்ற எடத்துல பொட்டி வேற வூட்டுக்குப் போயிட்டு வருது” என்றாள். கணக்கு சரிதான் என்றேன். “கணக்கு சரியாதான் கீது. பாட்டுதான் சரியா இல்ல” என்றாள்.

மூன்று நாள் சோதித்துப் பார்த்தேன். பதினெட்டு வருகிற இடம் மட்டும் பிசகுகிறது. மற்றதெல்லாம் சரி. காரணம் என்ன?

இன்னொன்று. மாலையில் இங்கே வந்து என்னோடு பாடிப் பழகுகிற பெண்களும் மார்கழி முதல் தேதி இந்தப் பெட்டியோடு தெருவில் பாடி வர விரும்புகிறார்கள். பஜனை சபைக்கு நீங்கள்தான் குரு. உங்கள் சம்மதம் வேண்டும்.

இப்படிக்கு,
பிரபா


அம்பத்தூர்,
13.10.98

டீச்சரம்மாவுக்கு வேதகிரி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். நான் மட்டும் நலமில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் வருவதை மருமகள் கைதட்டிப் பாராட்டுகிறாள். அறுபத்தாறு வயசில் இது ஒரு பேஜார்.

பெட்டியைத் திறந்தவரைக்கும் திறந்தீர்கள். உங்களுக்கு முன்னால் அதை ஒருத்தரும் திறந்ததில்லை. என் மகனே திறந்ததில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு டீச்சர் கறுப்பை எண்ணாமல் விட்டீர்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு கட்டையில் என் பாட்டுக்கெல்லாம் வெள்ளையே போதும். அதனால் கறுப்புக்கு நான் எண் போடவில்லை. ஐந்து கட்டைக்குப் போனால் ஒரு இடத்தில் கறுப்பைத் தொட்டாக வேண்டும். பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருப்பதைத் தொட்டுப் பாருங்கள். சிட்டம்மாளுக்குக் காது இருக்கிறது. அவள் அப்பன் ஜால்ரா போட்டவன்.

மற்ற விஷயம் நடக்காது. பெண்களுக்காகச் சுருதியை ஏற்றினால் ஆம்பிளைகள் என்ன செய்வார்கள்? தொண்டை கிழிந்துவிடும். பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆறு தெரு நடக்க வேண்டும். அதன் கனம் உங்களுக்குத் தெரியாது. பொங்கலுக்குள் நானே வந்துவிடுவேன். ஒரு வருஷம் மார்கழிக்குப் பெட்டி போகாவிட்டால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜெயம்மாளிடம் மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊறவைத்துப் போடச் சொல்லவும்.

வேதகிரி


பெருநகர்,
1.11.1998

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் சொன்ன கறுப்புக் கட்டையைத் தொட்டேன். சரியாக இருந்தது. நன்றி. இருபத்தைந்து வருடம் கணக்குச் சொல்லித் தந்தவள் பாதியை எண்ணாமல் விட்டிருக்கிறேன். வகுப்பில் ஒரு பெண் இதைச் செய்திருந்தால் எழுந்து நிற்கச் சொல்லியிருப்பேன்.

கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து ஒன்று முதல் முப்பத்தேழு வரை புதிதாக எண்ணிட்டேன். கிராஃப் தாளில் சிறு துண்டுகள் வெட்டி ஒட்டியிருக்கிறேன். உங்கள் சிவப்பு எண்களை அழிக்கவில்லை, அடியில் இருக்கின்றன. பாட்டுகளையும் புது எண்ணில் மாற்றி எழுதினேன். இனி நான்கு அல்ல, ஏழைக் கூட்ட வேண்டும். பதினான்கு பாட்டும் ஐந்து கட்டைக்கு ஏறிவிட்டன. ஒன்றிலும் பிசகு இல்லை. சிட்டம்மாள் கேட்டுவிட்டு, “இப்ப பொட்டி வூட்லயே கீது” என்றாள்.

பெட்டியின் கனம் ஒன்பது கிலோ முந்நூறு கிராம். சொசைட்டித் தராசில் நிறுத்துப் பார்த்தோம். தினமும் காலையில் துண்டால் கழுத்தில் மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுப் பின்கட்டில் நாற்பது சுற்று நடக்கிறேன். தோளில் வலி இருக்கிறது. குறைந்துவருகிறது.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பன்னிரண்டாம் பாட்டு கடினமானது. மேலே போய் அங்கேயே நிற்க வேண்டும். சிட்டம்மாளுக்கு வரவில்லை, கூடப் பாடுகிற பாஞ்சாலிக்கும் வரவில்லை. அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். திரும்பாமலேயே பாடினார்கள். முழுப் பாட்டையும். ஒரு சொல்லும் தவறவில்லை.

பிறகு பாஞ்சாலி, “இன்னா பெரிம்மா, இத்தினி வருசமா இத்த எங்க ஒளிச்சி வச்சிருந்த?” என்று கேட்டாள்.

“அவரு கட்டையில எனக்கு எட்டாது. எனக்கு எங்க எட்டும்னு யாரு கேட்டா?” என்றார்கள். மறுபடியும் உளுந்தைப் புடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊறவைத்துத்தான் போடுகிறார்கள்.

பிரபா


அம்பத்தூர்,
10.11.98

டீச்சரம்மாவுக்கு,

கடிதத்தை மோகன் படித்துக் காட்டினான். மருமகளும் பக்கத்தில் இருந்தாள். அது ஒன்று.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம். தினம் சாயங்காலம் அந்த வீட்டில் பெட்டி வாசித்திருக்கிறேன். பாட வேண்டும் என்று ஒரு நாள் அவள் வாயைத் திறந்ததில்லை. நான் வாசிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதனாலேயே சில நாள் வேகமாக முடித்துவிடுவேன். இப்போது நான் இடுப்பு ஒடிந்து இங்கே கிடக்கிற நேரம் பார்த்து, குடியிருக்க வந்தவர்களுக்குப் பாடிக் காட்டுகிறாள். நல்லது.

என் நம்பர் மேல் உங்கள் நம்பரை ஒட்டினீர்கள். அதுவும் நல்லது.

பெட்டியைக் கோயிலில் வைத்துப் பூட்டி, சாவியைச் சபை வேதாசலத்திடம் கொடுத்துவிடவும். அவன் பத்திரமாக வைத்திருப்பான். எனக்கு இனி எழுத வேண்டாம்.

வேதகிரி


பெருநகர்,
24.11.1998

ஐயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

கடிதம் வந்த அன்று மாலையே பெட்டியைப் பஜனை கோயிலில் வைத்துவிட்டோம். வேதாசலம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. குரு சொல்றாரு, செய்றேன்” என்றார். அவர் மேல் குறை இல்லை.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாதோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். வேகமாக முடித்துவிடுவேன் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“புடிக்காமயா நாப்பத்திரெண்டு வருசம் அடுப்படியில ஒக்காந்துக்கினு கேட்டேன்? பதினாலு பாட்டும் எனக்கு எங்கேருந்து வந்துச்சாம்? கேளு டீச்சர். நான் கேட்டேன்னு எழுது.”

எழுதிவிட்டேன்.

மறுநாள் யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். பதினோரு பேர் வந்தார்கள். பெட்டி இருந்தபோது ஏழு பேர்தான். பள்ளியில் இறைவணக்கத்துக்கு வைத்திருக்கிற சுருதிப் பெட்டியைத் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கி வருகிறேன். அதில் ஐந்து கட்டை பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். எனக்கு விரல் மறந்துவிடக் கூடாது. அதனால் சார்ட் தாளில் முப்பத்தேழு கட்டைகளையும் அளவு மாறாமல் வரைந்து, தரையில் விரித்து அதன் மேல் பழகுகிறேன். சத்தம் வராது. தப்பு செய்தால் எனக்கு மட்டும் தெரியும். கனத்துக்கு ஒன்பதரைக் கிலோ அரிசியைப் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். “ரேஷன் கடையிலேருந்து ஓடியாந்தா மாரி கீது டீச்சர்” என்று பாட வருகிற முனியம்மாள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இதை உங்களைப் பணிய வைக்க எழுதவில்லை. பெட்டி கிடைக்காவிட்டாலும் மார்கழி முதல் தேதி நாங்கள் போகிறோம். சுருதிப் பெட்டியோடு போவோம். அது முடிவாகிவிட்டது. பெட்டியோடு போனால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மோகன் வீட்டுக்குப் போன் செய்வோம். அக்கா பேச மாட்டார்களாம். பன்னிரண்டாம் பாட்டைப் பாடுவார்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்காமல் சொல்லாதீர்கள்.

பிரபா


அம்பத்தூர்,
8.12.98

டீச்சரம்மாவுக்கு,

கேட்டேன்.

மோகன் போனை என் காதில் வைத்தான். யார் யாரோ பேசுகிற சத்தம், பஸ் ஆரன் சத்தம். நடுவில் இவள். முதல் அடி முடிகிறவரைக்கும் வேறு யாரோ என்றுதான் இருந்தேன். அவளுக்கு இவ்வளவு மேலே போகும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை. முடிந்ததும் போனை வைத்துவிட்டாள். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், லைன் இல்லை.

மூன்றாவது அடியில் இழுக்கிற இடத்தில் மூச்சு வாங்குகிறாள். அங்கே துருத்தியை விடாதீர்கள். பெட்டியில் காற்று நின்றால் பாடுகிறவர்களுக்குக் கால் இடறுவது மாதிரி. அவள் மூச்சு எடுக்கிறவரைக்கும் நீங்கள் அந்தக் கட்டையிலேயே நிற்க வேண்டும். அவசரப்படக் கூடாது. நான் அவசரப்பட்டவன்.

டாக்டர் இன்னும் ஆறு மாசம் தரையில் உட்காரக் கூடாது என்கிறார். பெட்டி தூக்கவே கூடாதாம். பொங்கலுக்கு வருவேன் என்று எழுதினேன், வர மாட்டேன். மோகனிடம் நான் இதற்காக ஒன்றும் அழவில்லை. மருமகள் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெட்டி வெளியே போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தரம் பூட்டச் சொன்னவன் மறுபடி திறக்கச் சொன்னால் வேதாசலம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சபை என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வேதகிரி


பெருநகர்,
15.12.1998

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று மாலை வேதாசலத்தைப் போய்ப் பார்த்தேன். நாளைக் காலை நாலரைக்குப் பெண்கள் கோயிலுக்கு வருகிறார்கள் என்று சொன்னேன். பெட்டியைக் கேட்டேன். “காலைல பாக்கலாம்” என்றார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அது எனக்கு எழுதியது.

மூன்றாவது அடியைத் தாளின் மேல் இருபது முறை பழகினேன். தாளில் துருத்தி கிடையாது, அதனால் இடது கையால் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கீல் கிறீச்சிட்டது; எண்ணெய் போடட்டுமா என்று அக்கா கேட்டார்கள்.

பதினோரு பேரும் வருவார்களா தெரியவில்லை. பாஞ்சாலியின் மாமியார், “ஊர் சிரிக்கும்” என்றாராம். எனக்கும் பயம் இருக்கிறது. என் முதல் வகுப்புக்குப் போனபோது இருந்தது போல. ஆனாலும் போகிறோம். இதை நாளை தபாலில் சேர்க்கிறேன். நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

16.12.1998

எட்டுப் பேர் வந்தார்கள். பனி அதிகம். கோயில் பூட்டித்தான் இருந்தது. வேதாசலமும் ஐந்து ஆண்களும் ஜால்ராவோடு வெளியே நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் கிண்டலாக, “இன்னாப்பா, இந்த வருசம் மாநாடா?” என்றார். வேதாசலம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். “குரு பூட்டச் சொன்னாரு, பூட்டினேன். தொறக்காதேன்னு ஒரு வார்த்த சொல்லல” என்றார். பெட்டியைத் தானே தூக்கி வந்து என் கழுத்தில் துண்டை மாட்டி முடிச்சு போட்டார். முடிச்சு சரியாக விழுந்தது. உங்களுக்குப் பல வருடம் போட்டவர்.

முதல் பாட்டை ஐந்து கட்டையில் தொடங்கினேன். பெண்கள் பாடினார்கள். ஆண்கள் எங்கே சேருவது என்று தெரியாமல் முழித்தார்கள். “எங்களுக்கு இன்னாம்மா வேல?” என்று வேதாசலம் கேட்டார். “கோவிந்தா போடு பெரிப்பா. நாங்க இத்தினி வருசம் போடல?” என்றாள் பாஞ்சாலி. போட்டார்கள். அடுத்த பாட்டுக்கு ஏழைக் கழித்து அவர்களுடைய ஒரு கட்டைக்கு இறங்கினேன். இறங்குவதை நான் பழகியிருக்கவில்லை. இரண்டு முறை தப்பாகி மூன்றாம் முறை சரியாயிற்று. அதன் பிறகு ஒரு பாட்டு அவர்களுக்கு, ஒரு பாட்டு எங்களுக்கு.

இரண்டாம் தெருவில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. இரண்டு மாதமாக எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. பஜனை வரும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுப் பெண் விளக்கோடு நின்று எதிர்கொள்ள வேண்டும். அந்தப் பெண்கள் இந்த வருடம் பஜனையோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். சிட்டம்மாள் வீட்டு வாசலில் ஒருவரும் இல்லை. அவள் சத்தம் போட்ட பிறகு அவள் கணவர் லுங்கியோடு ஓடி வந்து, தட்டு எங்கே, தீப்பெட்டி எங்கே என்று உள்ளும் வெளியும் அலைந்தார். பாஞ்சாலி வீட்டில் மாமியாரே விளக்கோடு நின்றார். மருமகளை நேராகப் பார்க்கவில்லை. ஆனால் சுற்றும்போது தட்டு அவள் பக்கம் கொஞ்சம் அதிகமாக நின்றது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

மூன்றாம் தெருவில் உங்கள் வீடு. இருட்டாக இருந்தது. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் தெருவில் நின்றோம். “பூட்டின வூட்ல நிக்கறது முறையில்ல, போலாம்” என்றார் ஒருவர். அக்கா, “இருங்க” என்றார்கள். கதவைத் திறந்து உள்ளே போனார்கள். நாங்கள் பனியில் நின்றோம். விளக்கோடு வெளியே வந்து, வாசற்படியில் எங்களுக்கு எதிராக நின்று, மூன்று முறை சுற்றினார்கள். பெட்டிக்கு நேராக வரும்போது நிதானமாகச் சுற்றினார்கள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். நானும் ஒற்றிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

விளக்கைப் படியில் வைத்துவிட்டு அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் பழைய இடத்திலேயே நின்றார்கள். “பன்னெண்டு புடி டீச்சர்” என்றார்கள். வரிசைப்படி அடுத்தது ஆண்களின் பாட்டு. நான் பிடித்தேன். அக்கா பாடினார்கள், கதவு திறந்து கிடந்த தன் வீட்டைப் பார்த்து, உரக்க. பாட்டு முடிகிறவரை ஒருவரும் அடுத்த வாசலுக்கு நகரவில்லை.